வடிகால் இல்லாத வாய்க்கால்

வாய்க்கால் வெட்டினால் மட்டும் போதாது, வடிகாலும் வெட்ட வேண்டும் என்பது காவிரிப் படுகை விவசாயிக்குத் தெரிந்த பாடம். வடியாத நீர் பயிரை அழுகவைத்துவிடும். ராஜராஜனின் பட்டப்பெயரைத் தாங்கிய உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் வளைந்தோடி, மிச்ச நீரை வாழவந்தான்கோட்டை ஏரியில் விட்டு முடிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியதும், காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்ற கணக்கைச் சரிசெய்யத்தான். அந்த இரு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம்.

நம் காலம் வெட்டியது வேறு வகை வாய்க்கால். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா, அதே செப்டம்பர் 15இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கினார். ஏழை வீட்டுக்கு இவை வந்ததைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மின்னணுக் கழிவுக்கான நாட்டின் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்ததே 2012 மே 1இல்தான். அதற்குள் தொலைக்காட்சி வழங்கும் திட்டமே முடிந்துவிட்டது.

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயில், பின்பகுதிக் கண்ணாடியின் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. பழைய இரும்புக் கடைக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம். வேண்டியது செம்பு மட்டும். கழுத்தை உடைத்துக் காயிலை உருவியதும், கண்ணாடி குப்பைக்குப் போகிறது. ஒயரைச் சீவிக்கொண்டிருந்தால் நாள் கூலி தேறாது; தீ வைத்தால் சில நிமிடத்தில் செம்பு பளபளவென்று கைக்கு வரும். மேலுறை பிவிசியில் பதப்படுத்தச் சேர்த்த ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் பிரியும். பிவிசியிலுள்ள குளோரின், செம்பின் தூண்டுதலால் டையாக்சினாகவும் மாறும். சர்க்யூட் போர்டுகளை எரித்தால் பற்றுவைத்த ஈயமும் சேர்ந்துகொள்ளும்.

நெருப்பு எதையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை உலோகத்திடம் செல்லாது. பிளாஸ்டிக் எரியும், ஈயமும் காட்மியமும் இடம் மாறும், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நகரத்தின் குப்பையைச் சுமந்து, கோடை தோறும் புகைந்த அரியமங்கலம் கிடங்கில் மண்ணை ஆராய்ந்து திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே மாங்கனீசு, ஈயம், செம்பு, காட்மியம் நான்கும் இருப்பதைச் சொன்னது. அது எல்லாக் குப்பையும் கலந்த கிடங்கு. மின்னணுக் கழிவின் மேல் மட்டும் பழிபோட முடியாது. ஆனால், ஆற்று மணலில் கிணறு இறக்கிக் குடிநீர் எடுக்கும் ஊருக்கு அந்தப் பட்டியலே போதுமான எச்சரிக்கை. மணல் சேற்றை வடிகட்டும். கரைந்த உலோகம் முழுவதையும் அது நிறுத்திவிடாது.

நெல் விளையும் ஊருக்கு ஜப்பான் ஒரு பாடம். கமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஜின்சூ ஆற்று நீரோடு வயலுக்குப் போய், அரிசியில் ஏறி, உண்டவர்களின் எலும்பை நொறுக்கியது. அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் பணி 2012 வரை நீண்டது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகள், தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கின்றன. அரசு கொள்முதல் செய்து தந்த பழைய பெட்டிகளுக்கு அது மட்டும் போதாது. அவை குடும்ப அட்டையின் பேரில் வழங்கப்பட்டவை. கொடுத்த கணக்கு அரசிடமே இருக்கிறது. ரேஷன் கடை வழியே அவற்றைத் திரும்ப வாங்கலாம். தெருத்தெருவாக அலையும் இரும்பு வியாபாரியை விரட்டாமல் அவரையே முகவராக்கலாம்: முழுப் பெட்டிக்குக் கிடைக்கும் விலை உருவிய செம்புக்குக் கிடைப்பதைவிட அதிகமென்றால், தீக்குச்சியை அவர் எடுக்கமாட்டார். வாரிக் கொடுத்ததைத் தேர்தல் தோறும் நினைவூட்டும் இரு கட்சிகளுக்கும், அதைத் திரும்பப் பெறும் பொறுப்பிலும் சரிபாதி உண்டு.