'கொஞ்சம்' அல்ல

பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'து', 'தெ லா' என்ற சார்புச்சொற்களை அட்டவணையாகக் கொடுத்து, 'கொஞ்சம்' என்று பொருள் சொல்லிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. 'து பேன்' என்றால் கொஞ்சம் ரொட்டி அல்ல; அளவு சொல்லாத ரொட்டி. ஒரு துண்டாகவும் இருக்கலாம், ஒரு கூடையாகவும் இருக்கலாம். கொஞ்சம் என்று சொல்ல அவர்களிடம் 'அன் பெ' என்று தனிச்சொல்லே உண்டு. எண்ண முடியாத பொருளிலிருந்து ஒரு பங்கு என்பதே 'து', 'தெ லா' ஆகியவற்றின் உட்கருத்து. காபி பிடிக்கும் என்றால் 'லெ கஃபே', ஏனெனில் பிடிப்பது காபி என்ற பொருள் முழுவதும். குடிப்பது என்றால் 'து கஃபே', குடிப்பது அதில் ஒரு பங்குதானே! கோழியைப் பாருங்கள்: 'அன் பூலே' முழுக்கோழி, 'து பூலே' தட்டில் இருக்கும் கறி. தைரியம், பொறுமை, அதிர்ஷ்டம் ஆகியவற்றையும் பிரெஞ்சுக்காரர்கள் இப்படித்தான் பங்கிட்டுப் பேசுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இல்லை என்று மறுக்கும்போது பெரும்பாலும் வெறும் 'தெ' மட்டும் மிஞ்சும். ஸ்பானியர் ரொட்டி தின்பதற்கு எந்தச் சார்புச்சொல்லும் வேண்டாம்; தமிழருக்கும் வேண்டாம். பிரெஞ்சில் அதை விட்டால் வாக்கியமே நொண்டும். ஆசிரியர்களே, அட்டவணையைப் பிறகு கொடுங்கள். முதல் வகுப்பில் ஒரு ரொட்டியை மேசைமேல் வைத்துப் பிட்டுக் காட்டுங்கள்.