சீனி குறைந்தால் பெருநாள் குறையுமா?

பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்புவதற்குள் எமது பகுதியில் இன்னொரு பயணம் தொடங்கிவிடும். அது பலகாரத் தட்டுகளின் பயணம். வட்டிலாப்பம், தொதல், மஸ்கட், பட்டர் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட் என்று அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, அயல்வீடுகளுக்கு அனுப்புவோம். தட்டை வாங்கும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், "எனக்குச் சீனி வருத்தம் மகள், சின்னவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதை இப்போது எல்லா வீடுகளிலும் காண்கிறோம். சிலர் ஒதுங்குவதில்லை. "ஒரு நாளைக்குத்தானே" என்று நாலைந்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிளினிக்கில் தாதியிடம் ஏச்சு வாங்குகிறார்கள்.

ஒதுங்குவது, இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுவது. இந்த இரண்டு வழிகளை மட்டுமே எமது பெரியவர்களுக்கு நாம் விட்டு வைத்திருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. மாச்சத்தும் சீனியும் குறைந்த பிஸ்கட்டை வீட்டிலேயே சுடலாம். அதை நோயாளிக்கென்று தனியாக ஒரு சிறு டப்பாவில் போடாமல், எல்லோருக்கும் போகும் தட்டிலேயே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் எல்லோருக்கும்? யாருக்கு நோய் இருக்கிறது என்பது எமக்குத் தெரியாது என்பதுதான் முதற்காரணம். வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. நகர்ப்புறத்தில் அது ஆறில் ஒருவர். அதைவிடக் கவலை தரும் செய்தி, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தமக்கு நோய் இருப்பது அதுவரை தெரியாது என்பதாகும். அப்படியானால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர் மட்டும் நோயாளி அல்லர். மகிழ்ச்சியோடு மூன்றாவது தடவையும் தட்டுக்குக் கை நீட்டுபவரும் நோயாளியாக இருக்கலாம்.

மாச்சத்து என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சோறு, பாண், ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றிலுள்ள மா, வயிற்றுக்குள் சென்றதும் உடைந்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. நாக்குக்கு இனிக்காத கோதுமை மாவும் இரத்தத்துக்குச் சீனிதான். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. சீனியை மட்டும் குறைத்துவிட்டு அதே மாவில் பிஸ்கட் சுட்டால், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

இந்த இடத்தில் எமது தாய்மாரிடையே உள்ள சில நம்பிக்கைகளையும் பேசியாக வேண்டும். குரக்கன் நல்லது என்பார்கள். நார்ச்சத்தும் கல்சியமும் உள்ள தானியம் என்ற வகையில் அது உண்மை. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. குரக்கன் பிஸ்கட் என்பதால் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது. கித்துள் கருப்பட்டி இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை என்பார்கள். அதன் மணத்துக்கு ஈடில்லைதான். ஆனாலும் அதன் பெரும்பகுதி சீனியே. கடையில் 'சீனி சேர்க்கப்படாதது' என்று எழுதிய பிஸ்கட் பக்கற்றை வாங்கினால், அதற்குள் இருப்பது பெரும்பாலும் கோதுமை மா. பக்கற்றின் முன்பக்கத்தை நம்பாமல், பின்பக்கத்தில் மாச்சத்து எத்தனை கிராம் என்று எழுதியிருப்பதை வாசிக்கும் பழக்கம் எமக்கு வர வேண்டும். இனிப்புப் பானங்களுக்கு 2016 ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வீட்டுப் பலகாரத்துக்கு எந்த நிறமும் ஒட்டப்படுவதில்லை. அந்த அடையாளத்தை எமது கைதான் இட வேண்டும்.

மாச்சத்தைக் குறைப்பது நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்களும் உண்டு. இன்சுலின் மருந்தாக ஒரு நோயாளிக்கு முதன்முதலில் ஏற்றப்பட்டது 1922 இல். அதற்கு முன்னர் நீரிழிவுக்காரரின் உயிரைச் சிறிது காலமாவது நீட்டிக்க வைத்தியர்களிடம் இருந்த முக்கியமான ஆயுதம் உணவுக் கட்டுப்பாடுதான். 1870 இல் பாரிஸ் நகரம் எதிரிப் படையால் முற்றுகையிடப்பட்டு உணவு பங்கீட்டுக்கு வந்தபோது, தம் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சீனி குறைந்ததை பூஷார்தா என்ற பிரெஞ்சு வைத்தியர் கவனித்தார். மாச்சத்தைக் கழுவி நீக்கிய கோதுமையில் பாண் செய்து கொடுக்கும் முறையையும் அவர் பரப்பினார். நோயாளியும் பாண் சாப்பிட வேண்டும், ஆனால் அது அவரைக் கொல்லக் கூடாது என்ற அக்கறையிலிருந்து பிறந்ததுதான் இந்த வழி. ஆக, இதன் வேர் அழகு நிலையத்தில் இல்லை, நோயாளியின் படுக்கையருகில் இருக்கிறது.

அப்படியிருந்தும் எமது வீடுகளில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. முக்கியமாக உம்மும்மாமாரிடம். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. எழுபதுகளில் சீனி கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட பொருள். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நிகழ்ந்தன. லயன்களில் கோதுமை மா ரொட்டி கிடைத்த நாள் நல்ல நாளாக இருந்தது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குத் தட்டு நிறைய இனிப்புக் கொடுப்பது வெறும் பழக்கம் அன்று. "எங்களிடமும் இருக்கிறது, நாங்களும் கொடுப்போம்" என்ற மரியாதை அது. 2022 இல் எரிவாயுவுக்கும் மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற எமது தலைமுறைக்கும் அந்த உணர்வு ஓரளவு விளங்கும். ஆகவே சீனி குறைந்த பலகாரம் கஞ்சத்தனம் போலத் தோன்றிவிடக் கூடாது. அது மணமாக, மொறுமொறுப்பாக, தாராளமாக இருக்க வேண்டும்.

அதற்கு வெளிநாட்டுப் பாதாம் மாவோ, விலை கூடிய மாற்று இனிப்புத் தூளோ தேவையில்லை. மஸ்கெலியா நகரக் கடையில் கிடைப்பதே போதும். 100 கிராம் கச்சானில் 16 கிராம்தான் மாச்சத்து, அதிலும் பாதி நார்ச்சத்து. 100 கிராம் காய்ந்த தேங்காய்த் துருவலில் 24 கிராம், அதில் 16 கிராம் நார்ச்சத்து. நார்ச்சத்து சீனியாக மாறி இரத்தத்தில் கலப்பதில்லை.

எமது வீட்டில் செய்யும் அளவைத் தருகிறேன். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 100 கிராமை விட்டு விட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். அத்துடன் இனிப்புச் சேர்க்காத காய்ந்த தேங்காய்த் துருவல் 100 கிராம், பட்டர் 50 கிராம், முட்டை ஒன்று, சீனி 30 கிராம், ஏலக்காய், கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எமது குளிரில் பட்டர் கல்லாக இருக்கும். கிண்ணத்தை இளஞ்சூட்டு நீரின் மேல் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். எல்லாவற்றையும் பிசைந்து 30 உருண்டைகளாக்க வேண்டும். சீனிதான் பிஸ்கட்டை அவனுக்குள் இளகிப் பரவச் செய்வது. இங்கே அது குறைவு என்பதால் உருண்டை தானாகப் பரவாது. விரலால் தட்டையாக்கிவிட வேண்டும். 150 பாகை சூட்டில் 20 நிமிடமளவில் ஓரம் பொன்னிறமாகும். அவன் இல்லாத வீட்டில், அடி கனத்த சட்டியில் உப்புப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிச் சூடாக்கி, மெல்லிய நெருப்பில் சுடலாம். எடுத்தவுடன் தொடக் கூடாது. கோதுமையின் பிடிப்பு இதில் இல்லாததால் சூட்டில் உதிரும், ஆறினால் இறுகும். எமது ஊரின் ஈரக் காற்றில் பிஸ்கட் சீக்கிரம் நமுத்துப்போகும், ஆறியவுடனே காற்றுப் புகாத டின்னில் போட்டுவிட வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 250 கிராம் கோதுமை மா, 125 கிராம் சீனி, 125 கிராம் பட்டர் சேர்த்து 40 பட்டர் பிஸ்கட் செய்தால், ஒன்றில் ஏறக்குறைய 8 கிராம் மாச்சத்து. நான்கு சாப்பிட்டால் இரண்டு துண்டுப் பாண் சாப்பிட்டதற்குச் சமம். மேலே சொன்ன பிஸ்கட் ஒன்றில், நார்ச்சத்து நீங்கலாக, ஒன்றரை கிராம் அளவுதான். நான்கு சாப்பிட்டாலும் 6 கிராம். இதில் சீனியை முற்றாக நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 30 பிஸ்கட்டுக்கு இரண்டரை மேசைக்கரண்டி அளவு, இனிப்பு என்று நாக்கு ஒத்துக்கொள்ளப் போதுமானது. மிச்சத்தை ஏலமும் கறுவாவும் பார்த்துக்கொள்ளும். தேநீருக்குப் போடும் மாற்று இனிப்பு வில்லைகளைக் கலக்க நினைப்பவர்கள் பெட்டியை வாசிக்க வேண்டும். அஸ்பார்ட்டேம் உள்ளவை அடுப்புச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும்.

நல்லதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பிஸ்கட்டிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றுக்கு 60 அளவில். மாச்சத்தின் இடத்தைக் கொழுப்புப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இது உடல் மெலியச் செய்யும் பிஸ்கட் அன்று, பத்துப் பதினைந்து சாப்பிட அனுமதிச் சீட்டும் அன்று. பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகுமுன் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்ணும் நபிவழியில் இனிப்பும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் சோற்றையும் பாணையும் திடீரென நிறுத்தக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு மட்டும் குறைந்தால், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்பதால், தட்டுக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லிக் கொடுப்பது கடமை.

விலையைப் பற்றியும் கேட்பார்கள். கச்சானும் தேங்காயும் கோதுமை மாவைவிட விலை கூடியவைதான். தேங்காய் விலை ஏறிய நாட்களில் எல்லா வீடும் இதைச் செய்ய முடியாது, நாட்கூலியில் வாழும் தோட்டத்து வீட்டுக்கு இது இன்னும் பாரம். அவர்களுக்குச் செலவு குறைந்த வழியொன்று உண்டு. பழைய பிஸ்கட்டையே பாதி அளவில் வெட்டிச் சுடுங்கள், சீனியில் மூன்றிலொன்றைக் குறையுங்கள், மாவில் ஒரு பகுதிக்குத் தேங்காய்த் துருவலைச் சேருங்கள். நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும், நூற்றுக்கு ஐம்பது பெரிய நன்மை.

எமது ஊரில் இது ஒரு சமூகத்தின் விடயமும் அன்று. தைப்பொங்கலுக்கு அயலில் இருந்து பொங்கல் வரும். சித்திரையில் பலகாரம், தீபாவளிக்கு முறுக்கும் லட்டும், நத்தாருக்குக் கேக்கும் வரும். இரண்டு பெருநாட்களுக்கும் எமது தட்டு போகும். சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டால் நல்லதண்ணி வீதிக் கடைகளில் இனிப்பு குவியும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் ஒன்றாகவே வெளித் தெரிகின்றன. அன்றும் அருகருகே வாழ்ந்தோம், இன்றும் தட்டுகளை மாற்றிக்கொள்கிறோம். அந்த அன்பின் மொத்தக் கணக்கை ஆண்டு முழுவதும் சுமப்பது ஒரே உடம்புதான். ஒரு வீடு இனிப்பைக் குறைத்தால், அதன் தட்டு போகும் அத்தனை வீடுகளிலும் குறைகிறது.

மனைப் பொருளியல் படிக்கும் எமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. போசணை அட்டவணையைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். அதே அட்டவணையை உம்மாவின் அடுக்களைக்குக் கொண்டுபோவதில்தான் அந்தப் படிப்பின் பயன் இருக்கிறது. கொண்டுபோகும்போது பாடம் நடத்தப் போக வேண்டாம். வட்டிலாப்பத்தையும் தொதலையும் ஒழிக்கச் சொல்லவும் வேண்டாம், அவை சிறு கிண்ணத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்குப் பக்கத்தில் கச்சான் பிஸ்கட்டை நிறைய அடுக்குவோம். 'நோயாளிக்கு' என்று எழுதி வைக்கத் தேவையில்லை. பெரியவர் கேட்டால் மட்டும், "இதுல மா இல்ல, சீனியும் கொஞ்சம்தான், ரெண்டு எடுங்க" என்று சொல்வோம். பேரப்பிள்ளை எடுக்கும் அதே தட்டிலிருந்து அவரும் எடுத்துக்கொள்ளட்டும்.