ஐந்து பெட்டியும் ஒரு வூபரும்

கம்ப்யூட்டர் நம் வீடுகளுக்குள் நுழையும்போது, "படிப்புக்கு" என்று சொல்லிக் கொண்டுதான் நுழைந்தது. பிறகு அதில் பாட்டு வந்தது, சினிமா வந்தது, விளையாட்டு வந்தது. இப்போது உங்கள் பிள்ளை அடுத்த மனுவைப் போட்டிருப்பான்: "அம்மா, 5.1 ஸ்பீக்கர் ஸெட் வாங்கணும்!" அவன் அப்பாவும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நல்ல யோசனைதான்" என்பார். இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் செலவு கொஞ்சம் பெரியது என்று அர்த்தம்.

அந்தப் பெட்டிகளைத் தூசு தட்டப் போகிறவர் நீங்கள். கூடத்தில் ஓடும் ஒயரைத் தாண்டப் போகிறவர் நீங்கள். ஆகையால் கடைக்குப் புறப்படும் முன் விஷயத்தைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

5.1 என்பது என்ன?

ஐந்து சிறு பெட்டிகள். அவற்றோடு கனத்த ஒலிக்கென்று ஒரு பெரிய பெட்டி. இதுதான் வூபர். இடி, மிருதங்கத்தின் தொப்பி, வெடிச் சத்தம் போன்ற அடித்தொண்டை ஒலிகள் மட்டுமே அதற்குப் போகின்றன. அதனால்தான் அதை முழு எண்ணாகக் கணக்கில் சேர்க்காமல் 'புள்ளி ஒன்று' என்கிறார்கள். முன்னால் இடமும் வலமும் இரண்டு, நடுவில் ஒன்று, நமக்குப் பின்பக்கமாக இரண்டு.

இது சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த சரக்கு. 1940-ல் வால்ட் டிஸ்னி 'பாண்டஸியா' படத்தைச் சில தியேட்டர்களில் பல ஸ்பீக்கர்கள் வைத்துக் காட்டினார். 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிடல் முறை வந்தது. அங்கே பெரிய மண்டபம். இங்கே பத்துக்குப் பன்னிரண்டு அறை. வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் டேப்பை எடுங்கள்

இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு ஒரு கணம் முந்தி வருகிறது. அந்தக் கணம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்தே மூளை, "இந்தப் பக்கம்" என்று சொல்லிவிடுகிறது. ஆகவே பெட்டியின் விலையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். முன் பெட்டிகள் நம் நேர்ப் பார்வையிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி. பின் பெட்டிகள் 100 முதல் 120 டிகிரி. இது சர்வதேச ஒலிபரப்பு நிபுணர்கள் வகுத்த கணக்கு. அதாவது, பின் பெட்டிகள் முதுகுக்கு நேர் பின்னால் அல்ல. காதுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில்.

உங்கள் வீட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பீரோவா, வாசற்படியா, தாத்தாவின் சாய்வு நாற்காலியா? ஒயர் தரையில் குறுக்கே போனால் வயதானவர்கள் இடறி விழுவார்கள். சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோக ஒயரின் நீளம் போதுமா? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால், கடைக்குப் போகும் சிரமம் வேண்டாம்.

வூபருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது. ஆனால் அறையின் மூலையில் தள்ளினால் தம்பட்டமாக அதிரும். ஒரு யுக்தி உண்டு: வூபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். நீங்கள் சுவரோரமாகக் குனிந்து சுற்றி வாருங்கள். எங்கே கனமான ஒலி தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே வூபரை வையுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலிக்கும்.

வாட் கணக்கு

அட்டைப் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக் கணக்கில் அச்சிட்டிருந்தால் அதைப் பார்க்காதது போல் இருந்துவிடுங்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்பதன் கீழே உள்ள எண்ணைக் கேளுங்கள். அதுதான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. உதாரணமாக, 2011-ல் வந்த லாஜிடெக் இஸட்906 ஸெட்டுக்கு உச்ச கணக்கு 1000 வாட். ஆர்.எம்.எஸ். கணக்கு 500: சிறு பெட்டிக்கு 67 வீதம் ஐந்து, வூபருக்கு 165. இரண்டு எண்ணையும் அந்தக் கம்பெனியே சொல்கிறது. எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்று. வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகையால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் பெரிய விலை வித்தியாசம் சொன்னால், கைப்பையை மூடிக் கொள்ளலாம்.

கம்ப்யூட்டரின் முதுகு

ஆறு ஒலிகளும் தனித்தனியே வர, கம்ப்யூட்டரின் பின்புறம் மூன்று துவாரங்கள் வேண்டும்: முன் பெட்டிகளுக்குப் பச்சை, பின் பெட்டிகளுக்குக் கறுப்பு, நடுப் பெட்டிக்கும் வூபருக்கும் ஆரஞ்சு. மடிக் கணினியில் பெரும்பாலும் ஒரே துவாரம்தான். 'ஆப்டிகல்' ஒயர் இருக்கிறதே என்பார் கடைக்காரர். அதில் சாதாரணமாக இரண்டு ஒலிதான் போகும். ஐந்தும் போக வேண்டுமானால் டால்பி அல்லது டி.டி.எஸ். முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். படத்தில் அது ஏற்கனவே சுருக்கி இருக்கும். விளையாட்டுக்கோ, கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அந்தத் திறமை கிடையாது. பெட்டிகளைப் பொருத்திய பிறகு, கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பிலும் '5.1' என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பெட்டி மௌன விரதம் இருக்கும்.

பாட்டுகளோ பெரும்பாலும் இரண்டு ஒலியில் பதிவானவை. சில ஸெட்டுகள் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த இரண்டையே ஐந்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். ஓர் ஆழாக்குப் பாலை ஆறு டம்ளரில் ஊற்றுவது போலத்தான்.

கடையில் என்ன கேட்பது?

கடைக்காரர் கார்கள் மோதும் காட்சியைப் போடுவார். எல்லா ஸெட்டும் அதில் பிரமாதமாகத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கொண்டு போங்கள். முதலில் மெதுவாக வைத்துக் கேளுங்கள். மெதுவான ஒலியில் வார்த்தை தெளிவாக இருந்தால் பாதி பரீட்சை தேறியது. பிறகு பாட்டை நிறுத்திவிட்டுப் பெட்டியருகே காதை வையுங்கள். 'உஸ்' என்ற இரைச்சலோ 'ம்ம்' என்ற முனகலோ கேட்கக் கூடாது. கடைசியாக, இரண்டு பேர் பேசிக் கொள்ளும் ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிப் பரீட்சை வீட்டுப் பெரியவர்களுக்காக. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சொலிகளை. 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் மங்கிவிடுகின்றன. "என்ன சொன்னான்?" என்று தாத்தா கேட்டுக் கொண்டே இருப்பார். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி வாத்தியமும் சேர்ந்து கூடும்; பேச்சு அதிலேயே மூழ்கும். நாளடைவில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். யாருக்கும் அது தெரியாது. 5.1 படங்களில் பேச்சு பெரும்பாலும் நடுப் பெட்டியில்தான் வருகிறது. அதை மட்டும் தனியே உயர்த்த வசதியுள்ள ஸெட் என்றால், அவரும் கதைக்குள் வருவார். ஸெட்டின் மற்ற பெருமைகளையெல்லாம்விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்படியும் அவருக்குப் பேச்சு விளங்காவிட்டால், அடுத்து போக வேண்டியது காது டாக்டரிடம். ஸ்பீக்கர் கடைக்கு அல்ல.

அடுத்த வீடும் நம் காதும்

வூபரின் ஒலி சுவரைத் துளைத்துக் கொண்டு போகும். நமக்குப் பாட்டு கேட்கும். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கு 'தம் தம்' மட்டுமே கேட்கும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ஒலியின் எல்லை பகலில் 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45. காதுக்கு, வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் வரம்பு. கருவி வேண்டாம்: கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் ஜாஸ்தி.

சரி, வாங்கலாமா?

பிள்ளை தனியாக மேஜை முன் உட்கார்ந்து பாட்டு கேட்பதற்குத்தான் என்றால், அதே பணத்துக்கு இரண்டு நல்ல பெட்டிகள் வாங்குங்கள். மலிவான ஆறைவிட நல்ல இரண்டு மேல். கனமும் வேண்டுமானால் இரண்டும் ஒரு வூபரும் சேர்ந்த 2.1 போதும். குடும்பமே கூடத்தில் அமர்ந்து அந்தக் கம்ப்யூட்டரில் படம் பார்க்கிறதா? பின் பெட்டிகளுக்கு இடம் இருக்கிறதா? துவாரங்கள் சரியா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் 5.1 தாராளமாக வாங்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: இரவு பத்து மணிக்கு வூபரின் பொத்தான் அணைய வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற பிள்ளைக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை.