கருவிகளும் நாமும்: ஒரு கட்டளை, இரு பொருள்



கணிப்பொறியில் புதிய மென்பொருளை நிறுவும்போது பழைய மென்பொருள் கெடலாம். சேமித்த கோப்புகள் அழியலாம். ஆபத்து அவ்வளவே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கையால் தொட்டுணரத்தக்க உறுப்பொன்று, எவரும் கழற்றாமலும் உடைக்காமலும், மென்பொருளின் வருகையாலேயே செயலற்றுப் போகுமோ எனில், போகும் என்பதற்கு 2003ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும்.

லினக்ஸ் என்னும் இயங்குதளம் பல நாட்டாரின் கூட்டுழைப்பால் வளர்ந்தது. அதனைப் பல நிறுவனங்கள் தத்தம் முறையில் தொகுத்து வெளியிடுவதுண்டு. அவற்றுள் ஒன்றாகிய பிரான்சு நாட்டு மாண்ட்ரேக் நிறுவனம், 2003 அக்டோபரில் தன் 9.2ஆம் பதிப்பை வெளியிட்டது. அதனை நிறுவியவர்களுள், எல்.ஜி. நிறுவனத்தின் சிலவகை சிடி டிரைவுகளை வைத்திருந்தோர்க்கு எதிர்பாராத இழப்பு நேர்ந்தது. நிறுவும் வேலை நடக்கும்போதே டிரைவ் செயலிழந்தது. கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கியும் பயனில்லை.

காரணம் யாது? ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் அதனை நடத்தும் சிறு நிரல் ஒன்று பதிந்திருக்கும். இதனை ஃபர்ம்வேர் என்பர். இது கெட்டால் மோட்டாரும் ஒளிக்கற்றையும் பழுதின்றி இருந்தும் டிரைவ் வெறுங்கூடேயாகும். நிற்க. தகட்டில் எழுதவல்ல டிரைவுகள், வரும் செய்தியைத் தம் உள்நினைவில் சிறிது சேர்த்துவைத்தே எழுதும். "சேர்த்து வைத்திருப்பதை எழுதி முடி" என்று அவற்றுக்கு ஆணையிடும் கட்டளைக்கு ஃப்ளஷ் கேஷ் என்று பெயர். மாண்ட்ரேக் நிறுவனம் தகட்டில் எழுதும் வசதிக்கென்று புதிதாகச் சேர்த்திருந்த நிரற்பகுதி, படிக்க மட்டுமே வல்ல டிரைவுகளுக்கும் அக்கட்டளையை அனுப்பியது. எழுத இயலாத டிரைவ், "இஃது என்னால் ஆகாது" எனப் பிழைச்செய்தி ஒன்றைத் திருப்பியனுப்பிவிட்டு வாளாவிருத்தல் வேண்டும். அந்த எல்.ஜி. டிரைவுகளோ, அதே கட்டளைக்கு "ஃபர்ம்வேரை மாற்று" என வேறு பொருள் கொள்ளுமாறு செய்யப்பட்டிருந்தன. மாற்றுதற்குப் புதிய ஃபர்ம்வேர் ஏதும் வரவில்லை, இருந்ததும் அழிந்தது.

இதன் கொடுமையை உணர, இப்பகுதியை எழுதும் ரயில்வே குமாஸ்தாவுக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அடுத்தடுத்த நிலையங்கள் மணியோசையால் செய்தி பரிமாறும் முறை எங்கள் இலாகாவில் உண்டு. ஆறு முறை மணி ஒலித்தால் பாதையில் தடை, அபாயம் என்று பொருள். ஒரு நிலையத்தார் மட்டும் அதனை "வண்டியை அனுப்புக" என்று தமக்குள் வைத்துக்கொண்டால் விளைவு என்னவாகும்? பொதுக் குறிக்குத் தனிப்பொருள் கற்பிப்பவர், தம் எல்லைக்குள் பல காலம் இன்னலின்றி இருக்கலாம். அயலார் அக்குறியை அதன் பொதுப்பொருளில் அனுப்பும் நாளில்தான் கேடு வெளிப்படும். அந்த டிரைவுகளும் பிற மென்பொருள்களோடு செவ்வனே உழைத்து வந்தவையே.

எனினும் பழி முழுவதும் ஒருவர்க்கே உரியதன்று. பெரும்பிழை டிரைவைச் செய்தவர்களுடையது. ஆயினும், படிக்க மட்டுமே வல்லது எது என்று தெளிந்து கட்டளையிட்டிருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது. பின்னர் மாண்ட்ரேக் அந்நிரற்பகுதியை நீக்கித் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. எல்.ஜி.யும் திருத்திய ஃபர்ம்வேரை அளித்து, செயலிழந்த டிரைவுகளை மீட்கும் வழியையும் அறிவித்தது.

இன்று பல மடிக்கணிப்பொறிகளில் சிடி டிரைவே இல்லை. ஆயின் ஃபர்ம்வேர் நம்மை விட்டகலவில்லை. கைப்பேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, இணைய ரவுட்டர் அனைத்திலும் அது குடியிருக்கிறது. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளும், பெற்றோரின் புகைப்படங்களும், வங்கிக் கணக்கு விவரங்களும் ஒரே கருவியில் அடங்கியுள்ளன. ஆதலின் மூன்று செய்திகளை நினைவிற் கொள்வோமாக. முதலாவது, புதிய இயங்குதளம் வெளியான அன்றே நிறுவ விரையற்க. சில வாரங்கள் பொறுத்து, அறியப்பட்ட குறைகள் என வெளியிட்டவர்களே தரும் பட்டியலில் நம் கருவியின் பெயர் உளதா எனப் பார்த்தல் நன்று. இரண்டாவது, வேண்டிய கோப்புகளின் படியை, அக்கருவியோடு இணைந்திராத வேறோர் இடத்தில் முன்னரே வைத்தல் வேண்டும். மூன்றாவது, ஃபர்ம்வேர் மாற்றம் நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தலாகாது. பாதி எழுதிய நிலையில் நின்றால் கருவி மீளாமற் போகவும் கூடும்.

இம்மூன்றுக்கும் செலவு மிகுதியன்று, பொறுமையே வேண்டுவது. சொல்லியது புரியாதபோது ஏதோவொன்றைச் செய்துவைப்பதினும் "புரியவில்லை" என்று கூறுதல் மேல். இது கருவிகளைச் செய்வோர்க்கு மட்டுமன்றி, அவற்றைக் கையாளும் நமக்கும் பொருந்தும். திரையில் தோன்றும் வினாவின் பொருள் விளங்காவிடில், "சரி" என்னும் பொத்தானை அழுத்துமுன் அறிந்தவர் ஒருவரைக் கேட்டுத் தெளிவீராக.