திருப்பும்போது வர்ற சத்தமும், காதுக்குத் தராத கூலியும்

எங்க ஊர்ல இருந்து மதுராந்தகம் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல ஏறிட்டா, தாம்பரம் வரைக்கும் ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டிய வேலையே இல்லை. அதனாலதான் எனக்கு ரொம்ப நாளா தெரியாமலே போச்சு. போன தை மாசம் ரெண்டு சிப்பம் அரிசி, ஒரு கோணி தேங்காயோட மயிலாப்பூர்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போனேன். தெற்கு மாட வீதிக்குள்ள வண்டியை ஒடிச்சுத் திருப்பினப்போதான் முதல் தடவையா கேட்டது. டக் டக் டக் டக். நேராக்கினா நின்னு போச்சு. அடுத்த முனையில திருப்பினா மறுபடியும் டக் டக் டக்.

ஊர்ல கேட்காத சத்தம் மயிலாப்பூர்ல மட்டும் எப்படி கேட்குதுன்னு நீங்க கேட்கலாம். ஊர்ல வண்டி திரும்புறது களத்துமேட்டுல. அங்க சத்தம் போனா போனதுதான், திரும்பி வராது. மாட வீதியில ரெண்டு பக்கமும் கடை, நிறுத்தி வெச்ச கார், பூக்காரம்மா கூடை. சத்தம் சுவத்துல பட்டு நேரா நம்ம காதுக்கே வருது. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க, நோய் இருக்கான்னு பாக்கணும்னா கண்ணாடியை இறக்கி விட்டுட்டு ஒரு நீளமான சுவர் ஓரமா மெதுவா ஓட்டிப் பாருங்க. காசு செலவில்லாத சோதனை.

என் வண்டி மாருதி 800, 2004 மாடல். 1983 டிசம்பர்ல முதல் வண்டி வெளிய வந்து, 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இன்னும் கிராமத்துல ஓடிக்கிட்டுதான் இருக்கு. 15 வருஷம் முடிஞ்சு ஒரு தடவை, அப்புறம் 2024ல ஒரு தடவைன்னு ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. ரெண்டாவது தடவை ஃபீஸ் மட்டுமே 5000 ரூபாய். அவ்வளவு கட்டி வெச்சிருக்கற வண்டியை ஒரு சத்தத்துக்காகத் தூக்கிப் போட மனசு வருமா?

மாப்பிள்ளை முதல்ல டிக்கியைத் திறந்து பாத்தாரு. கோணி அவிழ்ந்து ரெண்டு தேங்காய் உருண்டுக்கிட்டு இருந்தது. எல்லாரும் சிரிச்சோம். தேங்காயை எடுத்த பிறகும் சத்தம் போகலை. (சிரிச்சாலும் இது சரியான முதல் வேலை. டிக்கி, ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு எல்லாத்தையும் பாத்துட்டுதான் மெக்கானிக்கைத் தேடணும்.)

அப்புறம் தி.நகர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏ.சி. ரூம், டீ எல்லாம் உண்டு. நான் "திருப்பும்போது டக்கு டக்குன்னு சத்தம் வருது"ன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. யாரும் வண்டியை வெளிய எடுத்து ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலை. சாயங்காலம் முன் சஸ்பென்ஷன் மேல் மவுண்டு ரெண்டும், லிங்க் ராடும் மாத்தி 4,800 ரூபாய் பில் குடுத்தாங்க. வெளிய வந்து முதல் திருப்பத்துலயே டக் டக் டக். திரும்பப் போய்ச் சொன்னா, "அப்போ ஸ்டீரிங் ராக்காதான் இருக்கும் சார், செட்டா மாத்திடலாம், 14,000 ஆகும்"ங்கறாங்க.

"அப்போ அதுவா இருக்கும்"ங்கற அந்தப் பேச்சுதான் இந்தப் பதிவை எழுத வெச்சது. அதுவா இருக்கும், இதுவா இருக்கும்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறதுக்குப் பேரு வைத்தியமா? நம்ம காசுல அவங்க நடத்துற பரீட்சை அது.

மறுநாள் மந்தைவெளி சந்து ஒண்ணுல, மரத்தடியில தகரம் போட்ட ஒரு கடைக்குப் பொண்ணு வீட்டு வாட்ச்மேன் கூட்டிட்டுப் போனார். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கற பெரியவர். பேனட்டைக்கூடத் தொடலை. ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு கேள்வியா கேட்டார். "இன்னா சார், வண்டி நிக்கசொல்ல ஸ்டீரிங்கை மட்டும் ஒடிச்சா வருதா, ஓடசொல்லதான் வருதா? ஆக்சிலேட்டர் மிதிச்சா ஜாஸ்தியாவுதா? பிரேக் புடிச்சா நிக்குதா? வேகமா போனா டக்கு டக்கு சீக்கிரம் சீக்கிரம் வருதா?" கடைசியா, "மழைல வயக்காட்டு ரோட்ல ஓட்னீங்களா?"ன்னார். நான் விவசாயின்னு அவர்கிட்ட சொல்லவே இல்லை. மட்கார்டுல ஒட்டியிருந்த சேறு சொல்லியிருக்கு.

பட்டினப்பாக்கம் பக்கம் காலியா இருந்த ஒரு இடத்துக்கு வண்டியை எடுத்துட்டுப் போகச் சொன்னார். என்னை ஓட்ட விட்டு, ஃபுல்லா ஒடிச்சு வட்டம் போடச் சொல்லிட்டு, அவர் வண்டி கூடவே நடந்தார். வலது பக்கம் ஒரு வட்டம், இடது பக்கம் ஒரு வட்டம். அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டுட்டு உருள விடச் சொன்னார். சத்தம் பாதியா குறைஞ்சது. நிறுத்தச் சொல்லிட்டு, இடது முன் சக்கரத்துக்கு உள் பக்கமா கையை விட்டு வெளிய எடுத்தார். விரல் முழுக்கக் கருப்பா கிரீஸ். ரிம்முக்கு உள்ளேயும் மட்கார்டுலயும் அதே கிரீஸ் வட்டமா தெளிச்சிருந்தது. "ரப்பர் பூட் கீஞ்சிருக்கு சார். உள்ள ஜாயிண்ட் போச்சு. ராக்கு நல்லாக்கீது, அதைத் தொடாத." மொத்தமே இருபது நிமிஷம்.

அந்தச் சாமானைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க அப்பா அம்பாசடர் வெச்சிருந்தார், அவருக்கு இந்தச் சத்தமே தெரிஞ்சிருக்காது. அது பின் சக்கரம் தள்ளுற வண்டி, முன் சக்கரத்துக்குத் திரும்புறது மட்டும்தான் வேலை. மாருதி 800ல முன் சக்கரமே இழுக்கவும் செய்யணும், திரும்பவும் செய்யணும். கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற ஆக்சில், சக்கரம் ஒடிஞ்சு நிக்கறப்பவும் சுத்திக்கிட்டே இருக்கணும். அதுக்காக முனையில ஒரு கிண்ணம் மாதிரி ஜாயிண்ட். உள்ளே ஆறு எஃகு குண்டு, குண்டு ஓட ஆறு பள்ளம். 1920கள்ல அமெரிக்காவுல ஆல்ஃபிரட் ஸெப்பாங்கற இன்ஜினியர் கண்டுபிடிச்ச அமைப்பு, இன்னிக்கும் முன் சக்கரம் இழுக்குற வண்டியில பெரும்பாலும் அதே வழிதான். அதுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பூட், உள்ளே கிரீஸ். அந்த ரப்பர் கிழிஞ்சா, சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய தெறிச்சுடும், மண்ணும் தண்ணியும் உள்ள போயிடும். பள்ளம் தேயும். நேரா போறப்போ குண்டு அதிகமா அசையாது, அதனால சத்தம் இல்லை. ஒடிச்சு, பாரம் ஏத்தி இழுக்கறப்போ குண்டு தேஞ்ச இடத்துல தடுக்கும். அதுதான் டக் டக். சக்கர வேகத்துக்கு ஏத்த மாதிரி தாளம் போடும்.

இப்போ அந்தப் பெரியவரோட கேள்விகளைத் திரும்பப் பாருங்க. வண்டி நிக்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்பினா டொய்ங்னு ஸ்பிரிங் சுண்டுற மாதிரி வந்தா, அது மேல் மவுண்டு. தி.நகர்ல மாத்தினாங்களே அது. என் வண்டியில நிக்கும்போது சத்தமே இல்லை. கேட்டிருந்தா 4,800 மிச்சம். வேகம் ஏற ஏற ஊஊன்னு ஊளை விட்டு, வலது பக்கம் வளைஞ்சா கூடி, இடது பக்கம் வளைஞ்சா குறைஞ்சா, பெரும்பாலும் இடது பக்க வீல் பேரிங். ஏன்னா வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்து மேல சாயுது. பவர் ஸ்டீரிங் உள்ள வண்டி கடைசி வரைக்கும் ஒடிக்கும்போது முனகினா முதல்ல ஆயிலைப் பாக்கணும். சர்ருன்னு உரசல்னா, அளவு தப்பா வாங்கின டயர் மட்கார்டுல தேயலாம், இல்லே பிரேக் தகட்டுல சின்னக் கல்லு மாட்டியிருக்கலாம். பள்ளத்துல இறங்கும்போதும் திருப்பும்போதும் கட்டுக்கட்டுன்னு வந்து ஸ்டீரிங்ல ஆட்டமும் தெரிஞ்சா பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு பக்கம் போகணும். அதுல மட்டும் நாள் கடத்தாதீங்க. ஆக்சில் ஜாயிண்ட் உடைஞ்சா பெரும்பாலும் வண்டி நகராம நிக்கும். பால் ஜாயிண்ட் கழண்டா சக்கரமே மடங்கிடும். ஜி.எஸ்.டி. ரோட்டுல எண்பதுல போறப்போ, பின் சீட்டுல பேத்தி இருக்கறப்போ மடங்கினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. சத்தம் வந்தா பாட்டை ஏத்தி வெச்சுக்கற ஆளுங்களை எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்.

ஜாயிண்ட் வாங்க புதுப்பேட்டைக்குப் போகலாமான்னு கேட்டேன். எழும்பூர் பக்கம், கூவம் ஓரமா, பழைய வண்டியைப் பிரிச்சு சாமான் விக்கற ஊர். அங்க கிடைக்காததே இல்லைன்னு சொல்லுவாங்க. பெரியவர் தலையாட்டிட்டார். கதவு, கண்ணாடி, லைட்டு, ரிம்முன்னா புதுப்பேட்டை. கண்ணால பாத்து வாங்கலாம். ஜாயிண்ட்டோட தேய்மானம் உள்ளே இருக்கு, பழசை வாங்கினா அதே சத்தத்தைக் காசு குடுத்து வாங்கற மாதிரின்னு சொல்லிட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசு வாங்கிட்டு வரச் சொன்னார். ஜாயிண்ட் 1,650, பூட்டும் கிரீஸும் 350. மாட்ட 600 வாங்கினார். மொத்தம் 2,600 ரூபாய். பூட் கிழிஞ்ச அன்னிக்கே கீழ குனிஞ்சு பாத்திருந்தா 350 ரூபாயும் கொஞ்சம் கூலியும்தான் ஆகியிருக்கும். அது என் தப்பு. அறுப்பு முடிஞ்சு தாளடியில வண்டியை விட்டது நான்தானே.

இப்போதான் நான் சொல்ல வந்த இடம். கண்டுபிடிச்ச அந்த இருபது நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன். "அதுக்கின்னா சார், பாக்கறதுக்கெல்லாமா துட்டு?"ன்னார். வற்புறுத்தினேன், வாங்கலை.

இது தப்பு. அவர் தப்பு பாதி, நம்ம தப்பு பாதி. கை அழுக்காகிற வேலைக்கு மட்டும் கூலி, காதால கேட்டு மூளையால சொல்றதுக்குக் கூலி இல்லைன்னு நாம வெச்சிருக்கோம். அப்போ மெக்கானிக் எப்படிப் பொழைப்பார்? சாமானை மாத்தினாதான் காசு. சரியாக் கேட்டு "ஒண்ணும் மாத்த வேணாம், கல்லு மாட்டியிருக்கு"ன்னு சொல்றவருக்கு அன்னிக்குச் சாப்பாடு கிடையாது. கேட்காமலே ராக்கை மாத்தறவருக்கு மாச வாடகை வந்துடும். தி.நகர் கடைக்காரங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவ்வளவு வாடகைக் கட்டடத்துல, அத்தனை பசங்களை வெச்சுக்கிட்டு, ஒரு மணி நேரம் எனக்காக வட்டம் போட்டு ஓட்டினா அதை எந்தக் கணக்குல எழுதுவாங்க? எழுத நாம விட்டாத்தானே. "சும்மா பாத்ததுக்கா 500?"ன்னு சண்டைக்குப் போயிருப்பேன், நானே.

இதே கதைதான் எங்க உரக்கடையிலயும். நடவு நட்டு மூணு வாரத்துல பயிர் வெளுத்து, இலையில துருப்பிடிச்ச மாதிரி புள்ளி வருதுன்னு நாலு இலையைக் கிள்ளிட்டுப் போனா, கடைக்காரர் யோசனைக்குக் காசு வாங்க மாட்டார். ரெண்டு பாட்டில் குடுப்பார், ஆயிரம் ரூபாய்க்கு. வயலுக்கு வந்து பாத்தா அது துத்தநாகப் பற்றாக்குறையா இருக்கும். ஏக்கருக்கு பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து போட்டா தேறியிருக்கும். இலவச யோசனை மாதிரி செலவு வைக்கிறது எதுவும் இல்லைன்னு முப்பது வருஷமா பாத்தும், வண்டி விஷயத்துல எனக்குப் புத்தி வரலை.

டாக்டர்கிட்ட போனா மட்டும் பேசாம ஃபீஸ் குடுக்கறோம். மாத்திரையே எழுதாம "தண்ணி குடிங்க, சரியாயிடும்"னு அனுப்பினாலும் குடுக்கறோம், சந்தோஷமா வேற. மெக்கானிக்குக்கும் அப்படி ஒரு பாக்கற கூலி வரணும். கடை வாசல்லயே எழுதிப் போடட்டும்: ஓட்டிப் பாத்துச் சொல்ல 300, வேலை இங்கேயே செஞ்சா அதுல கழிச்சுக்கறோம், செய்யலைன்னா காரணத்தை எழுதித் தர்றோம். நாமளும் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாது. "என்னமோ சத்தம் வருது"ன்னு சொல்லாம, எந்தப் பக்கம், எப்போ, நின்னா, ஓடினா, மிதிச்சா, விட்டான்னு ரெண்டு நாள் கவனிச்சு எழுதி எடுத்துட்டுப் போகணும். மாட்டு டாக்டர்கிட்ட சாணி எப்படிப் போட்டுச்சுன்னு வரைக்கும் சொல்றோமில்ல? போனை டேஷ்போர்டுல வெச்சு சத்தத்தைப் பதிஞ்சுக்கிட்டாலும் நல்லது. மெக்கானிக்கைப் பாத்ததும் சத்தம் நின்னுடற வண்டி எத்தனையோ இருக்கு.

சிலபேர் சொல்லுவாங்க, கம்ப்யூட்டரை மாட்டினா எல்லாம் தெரிஞ்சுடும்னு. அது சென்சார்ல வர்ற கோளாறைச் சொல்லும். ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் தெறிக்கிறதைச் சொல்ல என் வண்டியில எந்த சென்சாரும் இல்லை. புது வண்டிகள்லயும் இதுக்கு யாராவது தரையில குனிஞ்சுதான் பாக்கணும்.

வண்டி இப்போ மாட வீதியில நாலு முனையும் சத்தமில்லாம திரும்புது. இடது பக்க பின் கதவு மட்டும் கிறீச்சுங்குது, அது எனக்கே தெரியும், எண்ணெய் விடணும். பங்குனியில மறுபடியும் பொண்ணு வீட்டுக்குப் போறேன். மந்தைவெளிப் பெரியவருக்குன்னு பத்து கிலோ பொன்னி தனியா கட்டி வெச்சிருக்கேன். வேணாம்னுதான் சொல்வார். கடை ஸ்டூல் மேல வெச்சுட்டு வந்துடலாம்னு இருக்கேன்.