வந்ததும் நாற்காலியா?

தோழனே! நேற்றுக் கட்சி தொடங்கியவர் இன்றே முதலமைச்சர் நாற்காலிக்கு நிற்கலாமா என்று காத்திவாக்கம் தேநீர்க் கடையில் கேட்டாய். உரிமை உண்டு, மறுப்பார் யார்? பக்குவம் உண்டா? அதுவே கேள்வி!

1949 செப்டம்பர் 17. நம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் பிறந்தது தி.மு.கழகம். 1952 பொதுத்தேர்தலில் அது போட்டியிடவில்லை. இனிப் போட்டியிடலாமா என்று 1956 திருச்சி மாநாட்டில் தொண்டர்களையே கேட்டார் அண்ணா. 1957-இல் 15 இடம், 1962-இல் 50. அந்த 1962-இல் காஞ்சியில் அண்ணாவே தோற்றார். துவண்டாரா? இல்லை! 1967-இல் கோட்டை ஏறினார். இடையில் 18 ஆண்டு உழைப்பு!

கடலறியாதவன் கையில் துடுப்பைத் தருவாயா? புதியவர் வரட்டும், வரவேற்போம். முதலில் நம் கூலிக்கும் குடிநீருக்கும் குரல் கொடுக்கட்டும். தோற்ற மறுநாளும் நம் தெருவுக்கு வருகிறாரா, பார்! வந்தால், அன்று கொடு உன் வாக்கை!