காலமை வழுக்கும், மத்தியானம் கவிழும்

போன மாதம் நைட்ரோ ரேஸ் கார் வாங்குவது பற்றி எழுதிய பிறகு, சில பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். "காலமை பயிற்சியில வடிவா ஓடின கார், ஒண்டையும் மாத்தாமல் பின்னேரம் ஏன் கவிழுது?" நல்ல கேள்வி. கார் மாறவில்லை, ட்ராக் மாறிவிட்டது. இந்த முறை அதைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. அகலம் 200 மி.மீ. உள்ளே 2.11 சி.சி. இன்ஜின், இரண்டு கியர், பெல்ட் வழியாக நாலு சில்லும் இழுக்கும். எரிபொருள் மெதனோல், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. தாங்கியில் 75 சி.சி.தான் பிடிக்கும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிட்டுக்குள் வரவேணும். நேர் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரைச் சாதாரணமாகத் தாண்டும். ரயர் ரப்பர் இல்லை, ஸ்பொஞ்ச். இன்றைய கதை முழுக்க அந்த ஸ்பொஞ்சில்தான் நிற்கிறது.

ட்ராக் ஏன் மாறுது?

காலை ஒன்பது மணிக்குத் தார் குளிர்ந்து கிடக்கும். இரவுப் பனியின் ஈரம், மரத்தூசி, மண் எல்லாம் மேலே இருக்கும். பிடிப்பு இல்லை. கார்கள் ஓட ஓட ஸ்பொஞ்ச் தேய்ந்து தாரின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் இறங்கும். எல்லோரும் ஓடுகிற அந்த ஒற்றை வழி கறுத்துப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதோடு வெயிலும் ஏறினால் தார் சூடாகி, ரயர் ஒட்டத் தொடங்கும். மத்தியானம் பிடிப்பு உச்சத்துக்குப் போகும். ஒரு மேகம் மறைத்தால் கொஞ்சம் இறங்கும். ஒரு மழை பெய்தால், காலமையிலிருந்து சேர்ந்ததில் பெரும்பகுதி கழுவுப்பட்டுப் போய்விடும்.

ஜெர்மனியில் எங்கட கிளப்பில் மதியம் ஒரு மணித்தியாலம் எல்லா இன்ஜினையும் நிறுத்தவேணும். அயலவர்களுக்கான அமைதி நேரம். அந்த ஒரு மணித்தியாலமும் வெயில் மட்டும் வேலை செய்யும். திரும்பக் காரை இறக்கும்போது அது வேறு ட்ராக் மாதிரி இருக்கும்.

மூன்று கேள்விகள்

எந்தக் காரிலும் ஸ்பிரிங்கை மாற்றவும் உயரத்தை மாற்றவும் இணையத்தில் ஆயிரம் அட்டவணை இருக்கு. ஆனால் எதை மாற்றுவது என்று தீர்மானிக்க உங்களிடம் இருக்கிற ஒரே கருவி, மேடையில் நின்று ஓட்டுகிற பிள்ளையின் வாய்ச்சொல்தான். கை நெம்பும்போது கார் எவ்வளவு திரும்பியது என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். கீழே பிட்டில் நிற்கிற எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது என்றால் வருகிற பதில் "ஓகே". பள்ளிக்கூடம் ஓகே, சோதினை ஓகே, காரும் ஓகே. "நல்லா ஓடுதா?" என்று கேட்டால் அதற்கு மேல் பதில் வராது, ஏனென்றால் கேள்வியே அவ்வளவுதான். நாங்கள் வீட்டில் மூன்று கேள்வியை வழக்கமாக்கி வைத்திருக்கிறோம்.

ஒன்று, எந்த இடத்தில? வளைவுக்குள்ள போகேக்கயா, நடுவிலயா, வெளிய வரேக்கயா?

இரண்டு, எந்தப் பக்கம்? முன்பக்கம் திரும்பாமல் நேரே தள்ளுதா, பின்பக்கம் வழுக்குதா, இல்லாட்டி உள்பக்கச் சில்லு மேல தூக்குதா?

மூன்று, ஓட ஓடக் கூடுதா, குறையுதா, அப்பிடியே இருக்குதா?

இதற்கு ஆங்கிலமோ ஜெர்மனோ தேவையில்லை. தள்ளுது, வழுக்குது, தூக்குது, ஆடுது, இழுக்குது என்று தமிழில் இருக்கிற வினைச்சொற்களே போதும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பிட் மேசையில் இந்தச் சொற்களை எல்லாம் சரியான இடத்தில் போட்டுக் கதைப்பதைப் பார்க்கலாம். சரியான சொல்லைச் சொன்னால்தான் சரியான திருகாணி திரும்பும் என்று அதுக்கு விளங்கும்.

எதை முதலில் மாற்றுவது?

மூன்றாவது கேள்விக்கு "குறையுது" என்று பதில் வந்தால், ஒன்றையும் மாற்றவேண்டாம். காலமை வழுக்குகிற காரைத் துரத்தித் துரத்தித் திருத்தினால், ட்ராக்கில் பிடிப்பு ஏறினதும் அதே திருத்தம் காரைக் கவிழ்க்கும். காலமை கொஞ்சம் வழுக்குகிற கார் பொதுவாகப் பின்னேரம் சரியாகும். பொறுத்திருப்பதும் ஒரு செற்றப்தான்.

மாற்றத்தான் வேணும் என்றால் எங்கட வரிசை இது.

முதலில் ரயர். ஸ்பொஞ்சின் கடினத்தை ஷோர் என்ற எண்ணால் சொல்வார்கள். 35 மிருது, 40 கடினம். பிடிப்புக் குறைந்த ட்ராக்குக்கு மிருதுவானது, கூடின ட்ராக்குக்குக் கடினமானது. மிருதுவானது கெதியாத் தேயும் என்பதையும் கணக்கில் எடுக்கவேணும்.

அடுத்தது ரயரின் விட்டம். இதைப் பலர் கவனிக்கிறதில்லை. 62 மி.மீ. விட்டத்தில் தொடங்கின ரயர் 58க்குத் தேய்ந்தால், கார் 2 மி.மீ. தரைக்குக் கிட்ட இறங்குகிறது. அதோடு சில்லு ஒருமுறை சுற்றும்போது போகிற தூரமும் ஆறு வீதத்துக்கு மேல் குறைகிறது. கியரை மாற்றினது போலத்தான். பெரிய ரயரில் கார் உயரத்தில் நிற்கும், கவிழ வாய்ப்புக் கூட. சின்ன ரயரில் தாழ்ந்து நிற்கும், வளைவில் துள்ளாது. பிடிப்புக் கூடின நாளில் ரயரைக் கடைந்து சின்னதாக்கிக்கொண்டு போவது இதற்காகத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு ரயரையும் அளந்து, காரின் உயரத்தையும் திரும்பப் பாருங்கோ. ஒரு பக்க ரயர் மற்றதைவிடக் கூடத் தேய்ந்திருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும்; அதற்கு ஸ்பிரிங்கில் பிழை தேடிப் பயனில்லை.

மூன்றாவது ஸ்பிரிங்கும், இடது வலது சில்லுகளை இணைக்கிற ஆன்ரி-ரோல் கம்பியும். ஞாபகம் வைக்க ஒரே விதி போதும்: எந்தப் பக்கத்தை மிருதுவாக்குகிறீர்களோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குப் பிடிப்புக் கூடும். முன்பக்கம் தள்ளினால் முன்னை மிருதுவாக்கலாம், அல்லது பின்னைக் கடினமாக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் இதன் மறுதலை. பின் சில்லுகளை அரைப் பாகை கூட உள்நோக்கித் திருப்பி வைத்தாலும் பின்பக்கம் அமைதியாகும். ஆனால் கார் திரும்புவதற்குக் கொஞ்சம் சோம்பல்படும்.

கவிழ்வது தனி வியாதி. ரயர் வழுக்காமல் தாரைக் கடித்துப் பிடிப்பதால், கார் வெளிப்பக்கச் சில்லுகளின் மேல் ஏறிப் புரளுகிறது. இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கு: முன் ரயர்களின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லியதாகப் பூசிக் காயவிடுவது. அந்த ஓரம் கடினமாகி, தாரைக் கடிக்காமல் சறுக்கும். ஆனால் பூசினதைக் கழற்ற ஏலாது. அதனால் பூசாத ஒரு சோடியும் மேசையில் இருக்கவேணும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஐந்து சுற்று ஓடவிட்டு, அதே மூன்று கேள்வியைக் கேளுங்கோ. மோசமென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியவராது.

இன்ஜினையும் மறக்கவேண்டாம். குளிர்காற்று அடர்த்தியானது, அதே ஊசித் திருகில் எரிபொருள் போதாமல் இன்ஜின் வறண்டு ஓடும். மத்தியான வெயிலில் சரிசெய்த ஊசியைப் பின்னேரம் குளிரேக்க கொஞ்சம் திறந்துவிட வேணும். இல்லாட்டி சூடேறி இன்ஜின் பழுதாகும். பல இன்ஜின்களுக்கு 100 முதல் 120 பாகை செல்சியஸ் வரை பாதுகாப்பான அளவு. தொடாமல் வெப்பம் பார்க்கிற கருவியாலே பார்க்கலாம். அதே கருவியால் தாரின் வெப்பத்தையும் பாருங்கோ.

இரண்டு சோடி ரயர்

போன கோடையில் ஒரு ஞாயிறு. மகளுக்கு 14 வயது. காலமை ஒன்பதரைக்குத் தார் 24 பாகை. "பவர் குடுக்கேக்க பின்னுக்கு வழுக்குது, ஆனா சுத்துக்குச் சுத்துக் குறையுது" என்றாள். ஒன்றையும் தொடவில்லை. பதினொரு மணிக்கு அது தானாகப் போய்விட்டது.

மதிய இடைவேளை முடிந்ததும் தார் 46 பாகை. பெரிய இடப்பக்க வளைவுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டுதரம் கவிழ்ந்தது. ஒரு சோடி முன் ரயருக்குக் குளூ பூசினோம். அடுத்த ஓட்டத்தில் கவிழவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இறுதி ஓட்டம் நாலு மணிக்கு, அரை மணித்தியாலம். மூன்றே முக்காலுக்கு மேகம் மூடியது. தார் 31க்கு இறங்கியது. மேசையில் இரண்டு சோடி: குளூ பூசினது, பூசாதது. பூசினதைப் போட்டால் குளிர்ந்த தாரில் முன்பக்கம் திரும்பாமல் தள்ளும். பூசாததைப் போட்டு வெயில் திரும்பி வந்தால் கவிழும்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கொப்பியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பூசாததைப் போடுங்கோ அப்பா. வெயில் வந்தாலும் கடைசியிலதான் வரும். அதுக்கிடையில ரயர் தேஞ்சு சின்னதாயிடும். சின்ன ரயர் கவிழாது."

எனக்கு அந்தக் கணக்கு வந்திருக்கவில்லை. பூசாததைப் போட்டு, ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட்டோம். இருபதாவது நிமிடத்தில் வெயில் வந்தது. உள்பக்கச் சில்லு இரண்டு சுற்றில் தூக்கியதைக் கீழே நின்று பார்த்தேன். அவள் பிறேக்கைக் கொஞ்சம் முந்திப் பிடித்து ஓட்டினாள். கவிழவில்லை. பத்துப் பேரில் ஆறாவது. ஆறாவதுக்குக் கிண்ணம் கிடையாது. ஆனால் அந்தத் தீர்மானம் முழுக்க அவளுடையது, காரணமும் அவளுடையது. காரில் போகும்போது அரை மணித்தியாலம் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டு வந்தாள்.

கொப்பியும் கவனமும்

கொப்பியில் ஏழு நிரல் போதும்: நேரம், வெயிலா மேகமா, தாரின் வெப்பம், நாலு ரயரின் விட்டம், பிள்ளை சொன்ன வசனம், மாற்றினது என்ன, பிறகு என்ன நடந்தது. ஐந்தாவது நிரலை நீங்கள் திருத்தி எழுதவேண்டாம். "ஒரு மாதிரி மாட்டு வண்டில் மாதிரி போகுது" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கோ. ஆறு மாதம் கழித்து அதே ட்ராக்கில் அந்த வசனம்தான் உதவும். இயன்றால் பிள்ளையே எழுதட்டும்.

சில வேலைகள் மட்டும் பெரியவர்களின் கையிலேயே இருக்கவேணும். மெதனோல் நஞ்சு, தோலாலும் உள்ளே போகும். எரிபொருள் ஊற்றும்போது கையுறை போடுங்கோ, போத்தலைப் பூட்டி வையுங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் இல்லாத பொதுமக்கள் 16 வீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஊருக்குப் போய்வருகிறவர் கொண்டுவந்து தந்தாலும் அது சட்டப்படி பிழை. இன்ஜினை மூடின கராஜுக்குள் ஓடவிடக் கூடாது. புகைக்குழாய் கையைச் சுட்டுவிடும். பிட்டில் எல்லோருக்கும் காதடைப்பு வேணும். குளூவைக் காற்றோட்டமான இடத்தில் நீங்களே பூசுங்கோ.

அடுத்த ஞாயிறு ட்ராக்குக்குப் போகிறவர்கள் புதுச் சாமான் ஒன்றும் வாங்கவேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பேனை, மூன்று கேள்வி. முதல் நாள் பதில் கட்டையாகத்தான் வரும். "எந்த இடத்தில?" என்று மட்டும் திரும்பக் கேளுங்கோ. பதிலை நீங்களே சொல்லிக் குடுக்காமல் பொறுத்திருங்கோ.

அடுத்த மாதம்: பாவித்த நைட்ரோ கார் வாங்கும்போது இன்ஜினில் பார்க்கவேண்டிய ஐந்து இடங்கள். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல் எழுதுங்கோ. பிள்ளை என்ன சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.